கைச் சவர்க்காரமும் பின்னற்பொருளும்: சிங்கப்பூர்ச் சந்தையில் விற்பனை செய்வது எப்படி?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். சாலையின் குறுக்கே வண்ண விளக்குகள் ஒளிரும். கேம்பல் லேன் வீதியில் தற்காலிகக் கடைகள் வரிசையாக நிற்கும். அகல்விளக்கு, பூமாலை, தோரணம், வளையல், முறுக்கு என்று எல்லாம் அங்கே விலையாகும். இத்தகைய சந்தைகளிலும், நகரின் பிற பகுதிகளில் நடைபெறும் கைவினைச் சந்தைகளிலும், வீட்டிலே செய்த சவர்க்காரத்தையும் கையாற் பின்னிய பொருள்களையும் மேசையில் அடுக்கி விற்கும் பெண்களை இப்பொழுது காணலாம்.

நம் தோட்டங்களிலும் கைவேலை அறிந்த பெண்கள் பலர் உள்ளனர். அவர்களுடைய உறவினர் சிலர் சிங்கப்பூரில் குடியேறி வாழ்கின்றனர். "நாமும் இப்படிச் செய்தால் என்ன?" என்னும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால், செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்குப் பார்க்கவும் தெரியவேண்டும். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. கைவினைஞர் நிலையோ இதற்கு நேர்மாறானது. கணக்குப் பார்க்காதவருக்குத்தான் அங்கே உழக்கும் மிஞ்சுவதில்லை.

சந்தையின் இயல்பு

ஒரு காலத்தில் சிங்கப்பூரின் தெருவெங்கும் அங்காடிக்காரர்கள் கூடை வைத்து விற்றனர். 1971 முதல் 1986 வரையிலான ஆண்டுகளில் அவர்கள் படிப்படியாக அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். இன்று தேக்கா நிலையம் என்று வழங்கும் கட்டடமும் அவ்வாறு 1982 ஆம் ஆண்டில் எழுந்ததேயாகும். லிட்டில் இந்தியா வட்டாரத்தின் அருகே சுங்கை ரோட்டில் பழம்பொருள்களை வாடகையின்றி விற்றுவந்த திறந்தவெளிச் சந்தையும் 2017 ஜூலை 10 ஆம் நாளுடன் மூடப்பட்டது. ஆகவே, நினைத்த இடத்தில் பாய் விரித்து விற்பதற்கு அந்நகரில் இன்று இடமில்லை. உரிய அனுமதி பெற்று ஒருவர் நடத்தும் சந்தையில், வாடகை செலுத்தி ஒரு மேசையைப் பெறுவதே வழியாகும்.

கைவினைக்கென்றே அமைந்த சந்தைகளும் அங்கே தோன்றின. ரெட் டாட் வடிவமைப்பு அரும்பொருளகம் மாக்ஸ்வெல் சாலையில் இருந்த காலத்தில், 2006 ஆம் ஆண்டு முதல் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் தாம் படைத்த பொருள்களைத் தாமே விற்கும் சந்தையை நடத்திவந்தது. அத்தகைய இடத்திற்கு வருபவர் மலிவு விலையை நாடி வருவதில்லை. "இதனை யார் செய்தார்? எதனால் செய்தார்?" என்று கேட்டு வாங்கவே வருகின்றனர். தீபாவளிச் சந்தைக்கு வருபவரோ வீட்டுக்குத் தேவையானதையும், பிறருக்குப் பரிசாகக் கொடுக்கத் தக்கதையும் தேடுகின்றனர். எந்தச் சந்தைக்குப் போகின்றோம் என்பதை முதலில் தெளிந்து, அதற்கேற்பப் பொருளை ஆயத்தம் செய்தல் நலம்.

பால் உறைவதும் சவர்க்காரம் விளைவதும்

ரப்பர்த் தொழிலாளிக்குச் சவர்க்காரத்தின் தொழில்நுட்பத்தை விளக்குவது எளிது. மரத்திலிருந்து எடுத்த பாலில் பார்மிக் அமிலத்தை அளந்து ஊற்றுகின்றோம். அளவு குறைந்தால் பால் சரியாக உறையாது. கூடினால் ரப்பர் கெடும். உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகையறையில் நாட்கணக்கில் உலர்த்துகின்றோம். சவர்க்காரத்திலும் இதே மூன்று படிகள் உள்ளன. அளந்து கலத்தல், உருவாக்குதல், காத்திருந்து உலர்த்துதல் என்பன அவை. அங்கே பாலுக்குப் பதில் எண்ணெய். அமிலத்திற்குப் பதில் காஸ்டிக் சோடா என்னும் காரம்.

எண்ணெயும் காரமும் சேர்ந்து வேதிமாற்றம் அடையும்பொழுது சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. பெருந்தொழிற்சாலைகள் பெரும்பாலும் கிளிசரினைப் பிரித்து வேறு பயன்களுக்கு விற்றுவிடுகின்றன. கையாற் செய்யும் சவர்க்காரத்தில் அது உள்ளேயே தங்கித் தோலுக்கு மென்மை தருகின்றது. கைச் சவர்க்காரத்தை விரும்பி வாங்குவோர் கூறும் முதற்காரணம் இதுவேயாகும்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரத்தின் அளவு வேறு. 300 கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 55 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே எடையுள்ள செம்பனை எண்ணெய்க்கோ 43 கிராமே போதும். எடுத்துக்காட்டாக, தேங்காயெண்ணெய் 300 கிராம், செம்பனை எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம் ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் 1 கிலோ. இதனை முழுவதும் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 153 கிராம் காரம் தேவைப்படும். ஆயினும், சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சி நிற்கும்படி 5 விழுக்காடு குறைத்து 145 கிராமே சேர்ப்பர். காரம் மிஞ்சினால் தோலை அரிக்கும் என்பதே இதற்குக் காரணம். காரத்தைக் கரைக்க ஏறத்தாழ 330 கிராம் நீர் போதும். தேங்காயெண்ணெய் நுரையையும், செம்பனை எண்ணெய் உறுதியையும், நல்லெண்ணெய் மென்மையையும் தருகின்றன.

இவ்வேலையில் கண்ணளவு கூடவே கூடாது. தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். காரத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும்; காரத்தின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். எஃகுப் பாத்திரத்தையே பயன்படுத்துக. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. குழந்தைகள் நடமாடும் நேரத்தில் செய்தலும் கூடாது. தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணில் பட்டால் அவ்வாறே கழுவிக்கொண்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க.

அச்சில் ஊற்றியது ஓரிரு நாளில் வெட்டும் பதத்திற்கு இறுகும். அதன்பின் 4 முதல் 6 வாரங்கள் காற்றோட்டமான இடத்தில் உலரவேண்டும். எனவே, தீபாவளிக்கு விற்க விரும்புபவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கவேண்டும். நம் நாட்டைப் போன்றே சிங்கப்பூரிலும் காற்றில் ஈரம் மிகுதி. கிளிசரின் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நன்கு உலராத சவர்க்காரம் வியர்த்துப் பிசுபிசுக்கும். நீர் வற்ற வற்ற எடையும் குறையும் ஆதலால், உலர்ந்தபின் நிறுத்தே எடையைத் தாளில் எழுதவேண்டும். மேற்சொன்ன 1 கிலோ எண்ணெயில், உலர்ந்தபின் 100 கிராமுக்குக் குறையாத 12 கட்டிகள் கிடைக்கும்.

வீட்டுத் தொழில் எவ்வளவு உயரலாம் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. மெடிமிக்ஸ் என்னும் மூலிகைச் சவர்க்காரம் 1969 ஆம் ஆண்டில், ரயில்வே மருத்துவராகப் பணியாற்றிய வி. பி. சித்தன் என்பவரால் அங்கே தொடங்கப்பட்டது. ரயில்வே தொழிலாளருக்கு உண்டான தோல் நோய்களைக் கண்டே அவர் அதனைச் செய்ய முற்பட்டார். தொடக்கத்தில் வீட்டிலேயே, மனைவியின் துணையுடன், கையாற் செய்யப்பட்ட பொருளே அது.

எந்திரம் செய்யாததைப் பின்னுக

பின்னற்பொருளின் நிலை சற்று வேறானது. இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலுக்கு எந்திரம் வந்து நெடுங்காலமாகிவிட்டது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589 ஆம் ஆண்டிலேயே காலுறை பின்னும் எந்திரத்தை அமைத்தார். இன்று தமிழ்நாட்டின் திருப்பூர் நகரம் பின்னலாடைகளை உலகெங்கும் அனுப்புகின்றது. ஒரு பனியனைக் கையாற் பின்னித் திருப்பூர் பனியனோடு விலையில் போட்டியிட எவராலும் இயலாது.

ஆனால், ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேலையின் தன்மை வேறு. அதனை அவ்வாறே செய்யும் எந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. கடைகளில் காணும் உண்மையான குரோஷே வேலை ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் கையாற் பின்னியதே. ஆகவே, கைக்கு மதிப்புள்ள இடம் இதுவாகும்.

வெப்பநாட்டில் கம்பளி நூல் விலைபோகாது. பருத்தி நூலே ஏற்றது. வாசல் தோரணம், பூசைத் தட்டின் விரிப்பு, குளிரூட்டிய அறையில் குழந்தைக்கு இடும் தொப்பி, சிறு பொம்மை, கைப்பேசி உறை ஆகியவை கையடக்கமானவை, விரைவில் முடியக்கூடியவை. இவற்றுள் சவர்க்காரப் பை என்பது நமக்குச் சிறப்பாகப் பயன்படும். வலைபோற் பின்னிய சிறு பருத்திப் பையில் சவர்க்காரத்தை இட்டுத் தேய்த்தால் நுரை மிகும். குளித்தபின் பையோடு மாட்டிவைத்தால் நீர் வடிந்து சவர்க்காரம் கரையாது. ஒரு கைத்தொழில் மற்றொன்றுக்குத் துணையாவதை இங்கே காண்கின்றோம்.

இரண்டு ஊர்கள் கற்பிக்கும் பாடம்

பெண்கள் பின்னியதை விற்றால் என்ன விளையும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாறுபட்டவை.

முதலாவது நாகர்கோவில். 1819 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் பள்ளி மாணவியருக்கு லேஸ் எனப்படும் பூப்பின்னலைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. 1855 ஆம் ஆண்டில்தான் அங்கே அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, பின்னலில் ஈட்டிய பணத்தைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்ற பெண்கள் சிலர் இருந்தனர். ஊசியும் நூலும் அடிமைத் தளையை அறுத்தன. காரணம், உழைப்பின் பயன் உழைத்தவர் கைக்கே வந்தது.

இரண்டாவது, ஆந்திராவில் கோதாவரி ஆற்றுப் பகுதியில் உள்ள நர்சாப்பூர். அங்கும் குரோஷே வேலை கிறித்துவ சமயப் பணியாளர் வழியாகப் பரவிப் பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அப்பெண்களின் நிலையை ஆராய்ந்து 1982 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு இடையே நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பக் கூலி. ஊதியத்தின் பெரும்பகுதி வணிகர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் சென்றது. இதற்கு அவர் காட்டிய காரணம் கருதத்தக்கது. அப்பெண்களை எவரும் தொழிலாளராக எண்ணவில்லை. வீட்டிலிருந்து ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுபவர் என்றே எண்ணினர். உழைத்த நேரம் ஓய்வு நேரம் எனப் பெயர் பெற்றதும், அதற்கு விலை இல்லாமற் போயிற்று.

தோட்டத்தில் வாளிப் பாலை நிறுக்காமல் கொடுத்துவிட்டு வர எந்தத் தொழிலாளியும் சம்மதிக்கமாட்டார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்யும் வேலைக்கும் அதே நிறுவை வேண்டும்.

விலையைக் கணக்கிடும் முறை

பின்வருவது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. தொகைகள் இடத்துக்கு இடம் மாறும், முறை மாறாது. சிங்கப்பூரில் வாழும் ஒரு குடும்பத்தலைவி 12 சவர்க்காரங்கள் செய்கின்றார் என்று கொள்வோம். எண்ணெய்க்கு 8 வெள்ளி, காரத்துக்கு 1 வெள்ளி, நறுமணத்துக்கு 4 வெள்ளி, தாளுக்கும் ஒட்டுச்சீட்டுக்கும் 3 வெள்ளி என மொத்தம் 16 வெள்ளி ஆகின்றது. ஒரு கட்டிக்கு 1 வெள்ளி 33 காசு. இதனை மட்டும் பார்த்து 4 வெள்ளிக்கு விற்றால் இரட்டிப்பு இலாபம் என்று அவர் மகிழக்கூடும்.

உண்மை நிலை யாது? சந்தையில் ஒருநாள் மேசை வாடகை 80 வெள்ளி எனவும், அன்று 40 கட்டிகள் விற்றன எனவும் கொள்வோம். வரவு 160 வெள்ளி. வாடகையும் பொருட்செலவும் போக மிஞ்சுவது 26 வெள்ளி 67 காசு. 12 கட்டிகள் செய்து, வெட்டி, சுற்றி முடிக்க 3 மணி நேரமானால், 40 கட்டிகளுக்கு 10 மணி நேரம். சந்தையில் நின்றது 8 மணி நேரம். ஆக 18 மணி நேர உழைப்புக்கு மணிக்கு ஒன்றரை வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஊழியரை அமர்த்தும் நிறுவனங்கள் பகுதிநேர உள்ளூர் ஊழியருக்கு மணிக்கு 10 வெள்ளி 50 காசுக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று சிங்கப்பூரில் 2024 ஜூலையில் விதிக்கப்பட்டது. அதனோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் இழப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

எனவே, தமக்குத் தாமே கூலி கொடுத்துக் கணக்கிடவேண்டும். எளிமைக்காக மணிக்கு 10 வெள்ளி என்று வைப்போம். 12 கட்டிகளுக்குப் பொருட்செலவு 16, கூலி 30, மொத்தம் 46 வெள்ளி. ஒரு கட்டியின் அடக்கவிலை 3 வெள்ளி 83 காசு. மேசை வாடகையில் அதன் பங்கு 2 வெள்ளி. சந்தையில் நின்ற கூலியின் பங்கு 2 வெள்ளி. கூட்டினால் 7 வெள்ளி 83 காசு. ஆகவே 8 வெள்ளிக்குக் குறைத்து விற்றல் தகாது. அன்றைய தினம் மழை பெய்து 20 கட்டிகளே விற்றால், வாடகையும் கூலியும் இரட்டித்து, ஒவ்வொன்றின்மீதும் ஏறத்தாழ 12 வெள்ளி விழும். சந்தையைத் தேர்ந்தெடுக்கும்பொழுது வாடகை மலிவா என்பதைவிட, எத்தனை பேர் வாங்குவர் என்பதையே முதலில் ஆராயவேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

பின்னலிலும் இவ்வாறே. 30 மணி நேரம் பின்னிய ஒரு போர்வைக்கு நூல் 20 வெள்ளி, கூலி 300 வெள்ளி என்றால், 320 வெள்ளிக்குக் குறைத்து விற்பது நட்டமாகும். அவ்விலைக்கு வாங்குபவர் சந்தையில் அரியர். அரைமணியில் முடியும் சவர்க்காரப் பைக்கோ கூலி 5 வெள்ளி, நூல் 50 காசு. அதனைச் சவர்க்காரத்தோடு சேர்த்து ஒரே கட்டாக விற்றால், சந்தைச் செலவு இரண்டு பொருளுக்கும் ஒருமுறையே விழுகின்றது. சவர்க்காரத்துக்கு 3 வெள்ளி 83 காசு, பைக்கு 5 வெள்ளி 50 காசு, சந்தைப் பங்கு 4 வெள்ளி; மொத்தம் 13 வெள்ளி 33 காசு. 14 வெள்ளிக்கு விற்றால் நியாயமான ஊதியம் நிற்கும். இரண்டையும் இரு வேறு வாடிக்கையாளருக்குத் தனித்தனியே விற்றால் அடக்கம் 17 வெள்ளிக்கு மேலாகிவிடும். வந்தவர் ஒருவரிடம் இரண்டு பொருளை விற்பதே சிறு வணிகரின் கெட்டிக்காரத்தனம்.

பெரும் போர்வையைப் பின்னவே கூடாது என்பதில்லை. முன்பணத்தோடு கேட்டுச் சொல்பவருக்கு மட்டும் பின்னுக. மேசையில் ஒன்றை மாதிரியாக விரித்துவைத்தால் கண்ணைக் கவர்ந்து சிறு பொருள்களை விற்றுத்தரும்.

சட்டம் கூறுவது

பின்னற்பொருளை விற்பதற்குச் சிறப்பு அறிவிப்பு ஏதும் தேவையில்லை. சவர்க்காரம் அப்படியன்று. உடலுக்குப் பூசும் சவர்க்காரம் ஆசியான் நாடுகள் ஒப்புக்கொண்ட விதிகளின்படி ஒப்பனைப் பொருளாகும். 2008 ஜனவரி முதல் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த அவ்விதிகளின்படி, விற்பதற்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அப்பொருளைப் பற்றி முறையாக அறிவித்தல் வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், செய்த நாடு, எடை, தயாரிப்புத் தொகுதி எண், விற்பவர் பெயர், முகவரி ஆகியன சீட்டில் இடம்பெறவேண்டும். "சொறி நீக்கும், படை போக்கும்" என்று எழுதினால் அது மருந்துக்குரிய கூற்றாகிவிடும். ஒப்பனைப் பொருளில் அவ்வாறு எழுதுவதற்கு அனுமதியில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குடியிருப்போர், அண்டை வீட்டாருக்கு இடையூறின்றி வீட்டிலேயே சிறுதொழில் செய்ய விதிகள் இடமளிக்கின்றன. விளம்பரப் பலகை மாட்டுதலும், கனரக எந்திரம் வைத்தலும் கூடா. அடையாள அட்டையில் உள்ள தம் முழுப்பெயரிலேயே வணிகம் செய்பவர் வணிகப் பெயரைப் பதிவு செய்யவேண்டியதில்லை. வேறு பெயர் வைத்தால் பதிவு செய்தாகவேண்டும்.

எல்லை கடந்து செல்வோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்கவேண்டும். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டுடன் பணிபுரிபவர் சொந்த வணிகம் நடத்தலாகாது. மீறினால் வேலையே பறிபோகும். உறவினரைக் காண வந்தவரும் மனிதவள அமைச்சின் விதியைக் கேட்டறியாமல் மேசைக்குப் பின்னே நின்று விற்கலாகாது. விற்பனைக்கெனக் கொண்டுபோகும் பொருளுக்குப் பயணிகளின் வரிச்சலுகையும் இல்லை. சுங்கச் சாவடியில் அறிவித்துப் பொருள் சேவை வரி செலுத்தவேண்டும். அவ்வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாயிற்று. ஆகவே, அங்கே குடியுரிமை பெற்று வாழும் தங்கையோ அண்ணியோ தம் பெயரில் தொழிலை நடத்துவதும், நாம் நம் ஊர் இரவுச் சந்தையில் உரிமம் பெற்று விற்பதும் ஏற்ற முறையாகும். கற்ற கைத்தொழிலும் கணக்கும் இருகரைக்கும் பொதுவே.

தொடங்குவோர்க்கு

முதலில் ஒரு சிறு குறிப்பேடு வாங்குக. எண்ணெயின் எடை, காரத்தின் எடை, செய்த நாள், வேலைக்குப் பிடித்த நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. முதலில் செய்தவற்றை வீட்டாரும் நண்பரும் பயன்படுத்திப் பார்க்கட்டும். குறைகளைத் திருத்தி, அதன்பின் விலைக்குக் கொண்டுசெல்க. பேரம் பேசுபவர் வரும்பொழுது அக்குறிப்பேடு மனத்தில் இருக்கட்டும். எந்த விலைக்குக் கீழே இறங்கினால் நம் கூலி கரைகின்றது என்பதை அறிந்தவர், அதற்குமேல் எவ்வளவு வேண்டுமானாலும் முகமலர்ச்சியுடன் விட்டுக்கொடுக்கலாம்.

விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்து, ஒவ்வொரு மங்கிலும் சொட்டிய பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுக்கும் மக்கள் நாம். நம் உழைப்புக்கு எடை உண்டு என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. வீட்டில் ஊசி பிடிக்கும் கைக்கும், எண்ணெய் கலக்கும் கைக்கும் அதே எடையைக் கொடுப்போமாக.